பழைய வண்டியும் புதிய பெட்டியும்

கல்லூரியின் விழா மலரிலே மோட்டர் வண்டியின் மின்கம்பிகளைப் பற்றிய கட்டுரைக்கும் இடமுண்டோ என அன்பர் சிலர் வினவக்கூடும். உண்டு என்பதே நம் துணிபு. நாம் ஈண்டு எழுதப் புகும் வண்டி, இக்கல்லூரியிலே பல்லாண்டு பௌதிகம் கற்பித்து இளைப்பாறிய ஆசிரியப் பெருந்தகை ஒருவருடையது. அதன் பிணியைத் தேடிச் சென்றோருள் இருவர் பழைய மாணவர். ஒருவர் இன்று இக்கல்லூரியில் உயர்தரம் பயிலும் மாணவர். பிணியைக் காட்டிக்கொடுத்ததோ அவ்வாசிரியரே நமக்கு ஆய்வுகூடத்திற் புகட்டிய ஓமின் விதி. ஆகவே இம்மலரினும் பொருத்தமான இடம் இக்கட்டுரைக்கு வேறில்லை.

மொறிஸ் மைனர் என்னும் காரினை யாழ்ப்பாணத்தாருக்கு அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் அமைத்த இவ்வண்டி 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே வெளிவந்தது. பிரித்தானியக் கார்களுள் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை முதன்முதல் எட்டியதும் இதுவே. 1971ஆம் ஆண்டுடன் இதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆயினும் நம்மூர் ஒழுங்கைகளில் இது நின்றுவிடவில்லை. 1990களிலே பெற்றோல் வடக்கே வராது தடைப்பட்டிருந்த காலத்தில், காபரேற்றரிற் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை எழுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டிய வித்தையை நம்மவர் அனைவரும் அறிவர். அக்காலத்தில் நோயாளரையும் கர்ப்பிணிகளையும் சுமந்து சென்ற வண்டிகளுட் பல மொறிஸும் ஒஸ்ரினுமே.

நம் ஆசிரியரின் வண்டி 1098 கன சென்ரிமீற்றர் இயந்திரம் பூட்டியது. ஆகவே 1962ஆம் ஆண்டிற்குப் பிந்திய இனத்தது. 2022ஆம் ஆண்டிலே நாட்டிற் பெற்றோற் பஞ்சம் நேர்ந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் எனப் பங்கிட்டுக் கொடுத்த நாள்களில், வெளிநாட்டிலுள்ள அவருடைய பேரன் இவ்வண்டிக்குப் பெற்றோலைச் சிக்கனமாகப் பீச்சும் தொகுதியொன்றை அனுப்பிவைத்தான். மண்ணெண்ணெய்க் காலத்திற் படாத பாடுபட்ட பழைய காபரேற்றரைக் கழற்றி, அவ்விடத்திலே பீச்சியும் கணினிப் பெட்டியும் பொருத்தப்பட்டன. பொருத்தி முடித்த நாள்தொட்டு வண்டி தன் குணம் மாறிற்று. சில காலை எழும்பாது. எழும்பினால் வழியில் நிற்கும். ஒருநாள் காங்கேசன்துறைப் புகையிரதப் பாதையின் கடவையொன்றிலே, தண்டவாளத்தின் மேல் முன்சில்லுகள் இருக்கும் நிலையில் அது நின்றுவிட்டது. அயலிற் கடை வைத்திருந்தோர் ஓடிவந்து தள்ளி அப்பாற் சேர்த்தனர். அன்று வண்டியில் இருந்தவர் இருவர்: ஓட்டிச் சென்ற மகளும், வாரத்தில் இருமுறை சிறுநீரகச் சிகிச்சைக்காக மருத்துவமனைக்குச் செல்லும் ஆசிரியரின் துணைவியாரும்.

பிறநாட்டிலுள்ள மக்கள் வண்டியை விற்றுவிடும்படி எழுதினர். பொருத்திய கைவினைஞரோ, கணினிப் பெட்டி பழுதென்றும் வேறொன்று வருவித்தல் வேண்டுமென்றும் கூறினார். ஆசிரியர் நம்மை அழைத்துச் சொன்னது இது: “தம்பிமார், விக்கிறதிலை எனக்கு வில்லங்கமில்லை. ஆனால் பழுது எங்கை எண்டு அறியாமல் விக்க எனக்கு மனமில்லை. இன்னொருத்தன் இதை வாங்கி இன்னொரு கடவையிலை நிண்டால் என்ன செய்யிறது?”

நாமும் நம் வகுப்புத் தோழரும் மின்தொழிலிற் சில காலம் உழன்றவர். ஆசிரியரோ முழங்கால் வாதத்தாற் குனிய இயலாதவர். ஆதலால் மாமரத்தின் கீழ் ஒரு நாற்காலியில் அமர்ந்து வினாக்களைத் தொடுக்கும் பொறுப்பைத் தாமே ஏற்றார். அயல்வீட்டு மாணவர் நமக்குக் கைலாம்பு பிடிக்க வந்தார்.

நிற்க. பிணியைக் கூறுமுன் உடலமைப்பைக் கூறுதல் வேண்டும். பழைய வண்டியின் எரிபற்றற் சுற்று மிக எளியது. பற்றரியிலிருந்து கபில நிறக் கம்பி திறப்பு ஆளிக்கு வரும். திறப்பைத் திருப்பியதும் வெள்ளைக் கம்பி உயிர்பெறும். அது ஏ3 என்னும் உருகிமுனைக்குச் சென்று, அங்கிருந்து தூண்டற்சுருளை, அஃதாவது கராஜ்களிலே கொயில் எனப்படுவதை, அடையும். சுருளின் மறுமுனை டிஸ்ரிபியூற்றரினுள்ளே இருக்கும் பொயின்ற் வழியாக வண்டியின் உடலைச் சேரும். சுருளின் முதற்சுற்றுத் தடை ஏறக்குறைய 3 ஓம். 12 வோல்ற்றுக்கு 4 அம்பியர் பாயும். பொயின்ற் திறக்கும் கணத்தில் அவ்வோட்டம் அறுபட, சுருளிலே பேரழுத்தம் பிறந்து, பிளக்கிலே பொறி தெறிக்கும். அமெரிக்கரான சாள்ஸ் கெற்றறிங் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த முறை இது. இதிலே சிந்திப்பதற்கு எந்த உறுப்பும் இல்லை. ஆகவே குழம்புவதற்கும் எந்த உறுப்பும் இல்லை.

பெற்றோலை மின்னாற் கணக்கிட்டுப் பீச்சும் முறை இதனினும் இளையது. அமெரிக்காவிலே பென்டிக்ஸ் நிறுவனத்தார் 1950களின் பிற்பகுதியில் முயன்றனர். அதன் வழியே சென்ற ஜேர்மனியின் பொஷ் நிறுவனத்தார் 1967ஆம் ஆண்டிலே வொல்க்ஸ்வாகன் காரிற் பொருத்தி வெற்றி கண்டனர். மைனரின் இயந்திரக் குலத்தில் இதற்கு ஓர் இடர் உண்டு. நான்கு உருளைகளுக்கும் நான்கு வாயில்கள் இல்லை. இரண்டிரண்டு உருளைகள் ஒரு வாயிலைப் பங்கிட்டுக்கொள்ளும். ஆதலின் உருளைக்கு ஒன்றாகப் பீச்சி அமைத்தல் எளிதன்று. 1991ஆம் ஆண்டு தொட்டு இதே குலத்து இயந்திரம் பூட்டிய மினி காருக்குக் காபரேற்றர் இருந்த இடத்திலேயே ஒற்றைப் பீச்சி வைத்தனர். நம் ஆசிரியரின் வண்டிக்கு வந்த தொகுதியும் அவ்வகையினதே. எரிபற்றலைப் பழைய பொயின்ற் கவனித்துக்கொள்ளும்; பெட்டி பெற்றோலை மாத்திரம் அளக்கும்.

அளப்பதற்கு அப்பெட்டிக்கு வேண்டுவன நான்கு. இடையறாத மின்னூட்டம் ஒன்று. திறப்பு திருப்பப்பட்டது என்னும் செய்தி மற்றொன்று. சுருளின் பொயின்ற் பக்கத்து முனையிலிருந்து, எத்தனை பொறி தெறித்தது என்னும் எண்ணிக்கை மூன்றாவது. தூய புவித்தொடுப்பு நான்காவது. இந்நான்கும் எரிபற்றற் கம்பிகளோடு உறவுடையன. ஆகவே பீச்சும் முறை பூட்டிய பழைய வண்டி நோயுற்றால், பீச்சியையோ பம்பையோ கழற்றுமுன் எரிபற்றற் கம்பிகளையே சோதித்தல் முறை.

முதலிலே முனைமாற்றத்தைப் பார்த்தோம். நம் மைனரில் ஆதியிலே பற்றரியின் நேர்முனையே உடலோடு தொடுக்கப்பட்டிருந்தது. இக்காலத்துப் பெட்டிகள் எதிர்முனைப் புவித்தொடுப்பையே வேண்டுவன. மாறித் தொடுத்தாற் கணப்பொழுதில் எரிந்துபோகும். பொருத்திய கைவினைஞர் இதனைச் செவ்வையாகவே செய்திருந்தார். பற்றரியைத் திருப்பி, டைனமோவை நீக்கி ஆல்ரனேற்றர் பூட்டி, தூண்டற்சுருளின் இரு முனைகளையும் மாற்றித் தொடுத்திருந்தார். சுருளை மாற்றாது விட்டாலும் வண்டி ஓடும். ஆனாற் பிளக்கின் நடுமுனை நேராகிப் பொறி பிறத்தற்குக் கூடுதலான அழுத்தம் வேண்டும். பலர் மறக்கும் இதனையும் அவர் மறக்கவில்லை. கைத்திறனில் அவர் குறைந்தவரல்லர் என்பதைக் கூறுதல் நம் கடன்.

இனி மூன்று பிணிகளையும் முறையே கூறுவோம். முதலாவது எழும்பாமை. இரண்டாவது ஓட்டத்தில் அறுதல். மூன்றாவது, வாசகர் நகைக்கலாம், நிறுத்தினும் நில்லாமை.

திறப்பைத் திருப்பியதும் பெற்றோற் பம்பு இரண்டு மூன்று விநாடி இரைந்து ஓயும். குழாயிலே அழுத்தம் ஏற்றிவைப்பதற்காகப் பெட்டி இடும் கட்டளை அது. பின்னர் இயந்திரம் சுழலத் தொடங்கிய செய்தி கிடைத்தாலன்றிப் பெட்டி பம்பை மீள இயக்காது. அன்று காலை ஆசிரியரின் மகள் திறப்பைத் திருப்பினார். பம்பு இரைந்து ஓய்ந்தது. மேலும் திருப்பினார், ஸ்ராட்டர் மோட்டர் இயந்திரத்தை நன்றாகச் சுழற்றிற்று, ஆனாற் பற்றவில்லை. கையை விட்டார். அவ்வேளையிலே கைலாம்பு பிடித்து நின்ற மாணவர், “அண்ணை, திறப்பை விட்டவுடனை பம்பு திரும்பவும் இரைஞ்சது. கவனிச்சனீங்களே?” என்றார். மீண்டும் செய்து பார்த்தோம். அவர் கூறியது மெய்.

அன்பர்காள், பிணியின் பாதி அக்கணமே வெளிப்பட்டது. பம்பு முதன்முறை போல மீண்டும் இரைந்ததெனின், பெட்டி தன்னைப் புதிதாக விழித்ததாகக் கருதியது என்பதே பொருள். அஃதாவது ஸ்ராட்டர் சுழலும் வேளையிற் பெட்டி மாண்டு, கையை விட்டதும் மறுபிறவி எடுத்தது. மாண்ட பெட்டி பெற்றோலைப் பீச்சுவது எங்ஙனம்?

கைவினைஞர் முன்னரே மானி வைத்துப் பார்த்து, “12 வோல்ற்று இருக்குது ஐயா, பெட்டிதான் பழுது” என்று சொல்லியிருந்தார். நாமும் அளந்தோம். பற்றரியில் 12.6, சுருளின் வெள்ளைக் கம்பி முனையில் 12.4. இதனை ஆசிரியரிடம் கூறினோம். அவர், “எந்த நேரத்திலை அளந்தனீங்கள்? சுழற்றாத நேரத்து அளவு எனக்கு வேண்டாம், தம்பி” என்றார்.

சுழற்றும்போது அளந்தோம். பற்றரி 10.3 வோல்ற்றாக இறங்கியது. ஸ்ராட்டர் மோட்டர் பெருமோட்டம் உண்பதால் அவ்விறக்கம் இயல்பு. ஆனால் வெள்ளைக் கம்பியின் முனையில் 6 வோல்ற்றளவே நின்று, அதுவும் துள்ளிக்கொண்டிருந்தது. இடையிலே 4 வோல்ற்றுக்கு மேல் எங்கோ வழியில் விழுந்து ஒழிந்தது. ஓமின் விதியை நினைவுகூர்க. வழியிலே 0.4 ஓம் தடை இருந்து, பம்பும் பீச்சியும் சுருளும் கூடி 10 அம்பியர் இழுத்தால், விழும் அழுத்தம் 4 வோல்ற்று. பொயின்ற் திறந்து, பம்பும் ஓய்ந்து நிற்கும் வேளையிலோ ஓட்டமே இல்லை. ஓட்டம் இன்றேல் வீழ்ச்சியும் இல்லை. மானி தானாக உண்பது அற்பமாதலின், ஒரு மயிரிழைச் செம்பு எஞ்சிய கம்பியிலும் அது 12 வோல்ற்று என்றே காட்டும். சுமை ஏற்றாது பாலத்தின் வலிமையை அறிய முடியுமோ?

வீழ்ச்சி நேர்ந்த இடத்தைக் காண்பதற்கு ஒரு முறை உண்டு. மானியின் ஒரு முனையைப் பற்றரியின் நேர்முனையில் நிறுத்தி, மறுமுனையை வழிநெடுகப் படிப்படியாக நகர்த்தி, ஒவ்வோரிடத்திலும் இயந்திரத்தைச் சுழற்றச் செய்தல் வேண்டும். திறப்பு ஆளியின் உள்வரு முனையில் வீழ்ச்சி அரை வோல்ற்றிலும் குறைவு. ஆளியின் வெளிச்செல் முனையில் 2 வோல்ற்றுக்கு மேல். ஏ3 முனையில் 4. ஆகவே நோய் இரண்டிடத்தில் இருந்தது. ஆளியின் உட்தொடுகை நெடுங்கால உழைப்பினால் தேய்ந்து, திறப்பைச் சுழற்றும் நிலைக்குத் திருப்பும்போது பிடி நழுவியது. மற்றது, முகப்புப் பலகையின் பின்னே வெள்ளைக் கம்பியில் யாரோ இட்ட முடிச்சு. கம்பிகளை முறுக்கி, சைக்கிள் ரியூப்பின் கீற்றினாற் சுற்றியிருந்தனர். அச்சுற்றைப் பிரித்தபோது செம்பு பச்சை பூத்திருந்தது. ஈயப்பற்றும் ஒட்டுநாடாவும் கிடையாத காலத்தின் கைவண்ணம் அது. எத்தனை நோயாளரை அம்முடிச்சு கரைசேர்த்ததோ என்று நாம் அதனை இகழாது எடுத்து வைத்தோம்.

இவ்விடத்தில் ஒரு வினா எழும். இத்துணைப் பழுதுற்ற கம்பியோடு வண்டி இதுவரை எவ்வாறு எழும்பியது? காபரேற்றருக்கு மின் வேண்டியதில்லை. காற்று இழுத்தாற் பெற்றோல் வரும். தூண்டற்சுருளோ 6 வோல்ற்றிலும் மெலிந்த பொறியொன்றைத் தரும். பழைய அமைப்பு அக்குறையைப் பொறுத்துக்கொண்டது. புதிய பெட்டிக்கு அப்பொறுமை இல்லை. பெட்டி நோயைக் கொண்டுவரவில்லை. இருந்த நோயைச் சொல்லிற்று. பழைய வண்டியிற் புதிய தொகுதி பூட்டுவோர் மனங்கொள்ள வேண்டிய உண்மை இதுவேயென நாம் எண்ணுகின்றோம். இதனை அறியாதார் பெட்டியை மாற்றி, மாற்றிய பெட்டியையும் வைவர்.

பரிகாரம் எளிது. தேய்ந்த ஆளிக்குப் புதியது பூட்டினோம். முடிச்சை வெட்டி ஈயப்பற்று இட்டோம். பற்றரியிலிருந்து தடித்த கம்பியொன்றை உருகியுடன் நேரே கொணர்ந்து றிலே ஒன்றின் 30ஆம் முனையிற் சேர்த்து, 87ஆம் முனையிலிருந்து பெட்டிக்கும் பம்புக்கும் தூண்டற்சுருளுக்கும் ஊட்டம் அளித்தோம். வெள்ளைக் கம்பிக்கு இனிப் பளு இல்லை, 0.2 அம்பியரளவு ஓட்டத்தால் றிலேயை இயக்குவதே அதன் தொழில். பெற்றோற் பம்பின் வழியிலே, மோதல் நேரின் தானே அறுக்கும் ஆளியொன்றையும் வைத்தோம். காபரேற்றருக்குச் சிற்றழுத்தம் போதும். பீச்சும் தொகுதிகளோ இனத்துக்கேற்ப 1 பார் முதல் 4 பார் வரை அழுத்தத்திற் பெற்றோலைக் குழாயில் வைத்திருப்பன. விபத்திற் குழாய் அறுந்தும் பம்பு ஓடுமாயின் விளைவு தீயே. இவ்வாளியை வேண்டாமென்று விடுவோர் உளர், விடற்க.

அன்று வண்டி தொட்டதும் எழும்பிற்று. ஆயினும் கடவையிலே நின்றதற்குக் காரணம் இதுவன்று. அங்கே வண்டி ஓடிக்கொண்டிருந்ததன்றோ? ஆகவே மகிழ்ச்சியை ஒத்திவைத்து இரண்டாம் பிணியைத் தேடினோம்.

பெட்டியோடு வந்த சிறு திரையிலே இயந்திரத்தின் வேகம் தோன்றும். வண்டியை நிறுத்தியபடி ஓடவிட்டு அதனை நோக்கினோம். நிமிடத்துக்கு 900 சுற்று என நின்ற எண் திடீரென 6000 எனத் தாவி மீண்டும் 900 ஆயிற்று. தாவியபோதெல்லாம் இயந்திரம் ஒருமுறை திணறியது. நான்கு உருளை இயந்திரம் 900 சுற்றில் ஓடும்போது விநாடிக்கு 30 பொறி தெறிக்கும். அம்முப்பதோடு பொய்த்துடிப்புகள் நூற்றுக்கணக்கிற் கலந்தால், இயந்திரம் வெறிகொண்டு ஓடுகின்றதென்று பெட்டி நம்பும். நம்பிப் பெற்றோலை மிகையாகப் பீச்சும், அல்லது காக்கும் எண்ணத்தோடு அறவே நிறுத்தும். தண்டவாளத்தின் மேல் நேர்ந்தது இதுவே.

பொய்த்துடிப்பு எங்கிருந்து வந்தது? பொயின்ற் திறக்கும் கணத்திற் சுருளின் முதற்சுற்றிலேயே சில நூறு வோல்ற்று எழும். பிளக்குக் கம்பியில் ஆயிரக்கணக்கில் எழும். வேகச் செய்தியைக் கொண்டுசெல்லும் மெல்லிய கம்பி, பிளக்குக் கம்பிகளோடு ஒரே கட்டாக அழகுறக் கட்டப்பட்டிருந்தது. பிளக்குக் கம்பிகளோ செம்பு நடுவினையுடைய பழைய இனம். அவை வானொலிக் கம்பம் போல நாற்றிசையும் இரைச்சல் பரப்புவன. பெட்டியின் புவித்தொடுப்பும் சுருளின் தாங்கி பூட்டிய அதே ஆணியில், வர்ணம் பூசிய தகட்டின்மேல் இருந்தது. இயந்திரம் ஓடும்போது அவ்வாணிக்கும் பற்றரியின் எதிர்முனைக்கும் இடையே 0.3 வோல்ற்று நின்றது, 0.1 வோல்ற்றைத் தாண்டலாகாது. நாம் உலர்ந்த மரக்குச்சியொன்றினால் அம்மெல்லிய கம்பியைக் கட்டிலிருந்து விலக்கிப் பிடித்தோம். திரையில் எண் அடங்கி நின்றது. விட்டோம், மீண்டும் துள்ளியது. இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

கரிநடுவினையுடைய பிளக்குக் கம்பிகளும் தடை அமைந்த பிளக்குகளும் வாங்கினோம். செய்திக் கம்பியைக் கவசக் கம்பியாக மாற்றி, கவசத்தை ஒருமுனையில் மாத்திரம் புவியோடு தொடுத்து, வண்டியின் மறுபுறமாகக் கொண்டுசென்றோம். இருமுனையுந் தொடுத்தாற் கவசமே ஓட்டத்துக்கு வழியாகிவிடும். பெட்டியின் புவித்தொடுப்பைப் பற்றரியின் எதிர்முனைக்கே நேரே கொணர்ந்தோம். டிஸ்ரிபியூற்றரினுள்ளே பொயின்ற்றோடு இணைந்திருந்த, ஏறக்குறைய 0.2 மைக்கிரோபரட் கொள்ளும் கொள்ளளவியையும் புதுக்கினோம். பின்னர் ஒரு மணி நேரம் ஓடவிட்டும் எண் துள்ளவில்லை.

மாலையில் வண்டியைத் தரிப்பிடத்தில் விட்டு மகள் திறப்பை எடுத்தார். எடுத்தவர் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டே நம்மை நோக்கி, “அண்ணை, கார் நிக்குதில்லை!” என்றார். இயந்திரம் தன்பாட்டில் இனிது ஓடிக்கொண்டிருந்தது. அயலார் வியந்தனர். ஆசிரியர் மாத்திரம் சிரித்து, “ஓட்டம் வாற வழியை மூடியாச்சு. போற வழியாலை ஏதும் வருகுதோ பாருங்கோ” என்றார்.

அவர் கூறியதே நடந்தது. முகப்புப் பலகையிலே பற்றரிக்கு ஊட்டம் ஏறவில்லையெனின் எரியும் எச்சரிக்கைக் குமிழ் ஒன்று உண்டு. அதன் ஒருபுறம் வெள்ளைக் கம்பியில். மறுபுறம் கபிலமும் மஞ்சளுமான கம்பி வழியாக ஆல்ரனேற்றரில். திறப்பைத் திருப்பியதும் வெள்ளையிலிருந்து ஆல்ரனேற்றர் நோக்கி ஓட்டம் பாய்ந்து குமிழ் எரியும். ஆல்ரனேற்றர் சுழன்று மின் பிறப்பித்ததும் இருபுறமும் சமமாகிக் குமிழ் அணையும். இப்போது திறப்பை நிறுத்தினால், ஆல்ரனேற்றரின் புறத்தில் 14 வோல்ற்று. வெள்ளைப் புறத்தில் ஒன்றுமில்லை. ஆகவே ஓட்டம் குமிழ் வழியே பின்னோக்கிப் பாய்ந்து வெள்ளைக் கம்பியை அரையுயிரோடு வைத்திருக்கும். தூண்டற்சுருளை நேரே ஊட்டுதற்கு அவ்வோட்டம் போதாது. ஆனால் றிலேயின் இயல்பு வேறு. அதனை மூட ஏழெட்டு வோல்ற்று வேண்டும். மூடியதை மூடியபடி வைத்திருக்க இரண்டொரு வோல்ற்றே போதும். ஆதலால் றிலே விடவில்லை. றிலே விடாததால் பெட்டியும் பம்பும் சுருளும் ஓய்வு பெறவில்லை.

இருவாயி என்பது மின்னுக்கு ஒருவழிக் கதவு என்று உயர்தர மாணவர் கற்பர். 1 அம்பியர் தாங்கும் இருவாயி ஒன்றைக் கபில மஞ்சட் கம்பியிலே, வளையம் இட்ட முனை ஆல்ரனேற்றரை நோக்குமாறு வைத்தோம். குமிழ் முன்போலவே எரிந்தது. திறப்பை எடுத்ததும் இயந்திரம் ஓய்ந்தது. கைலாம்பு பிடித்த மாணவரே அதனை ஈயப்பற்றிட்டார். பாடநூலிற் படமாகக் கண்ட பொருள் ஒரு காரை நிறுத்தக் கண்டபோது அவர் முகம் மலர்ந்தது.

அடுத்த கிழமை பொருத்திய கைவினைஞரை ஆசிரியர் அழைப்பித்தார். குறைகூறவன்று, காட்டுதற்கே. அவர் மானியைத் தாமே பிடித்து, நாம் கழற்றி வைத்திருந்த பழைய ஆளியைத் தற்காலிகமாகத் தொடுத்துச் சுழற்றி, முள் விழுவதைக் கண்டார். “இவ்வளவு காலமும் நிண்ட வாகனத்திலை அளந்தனான் ஐயா, இனி ஓடேக்கை அளக்கிறன்” என்றார். நல்ல கைவினைஞருக்கு அழகு அது.

விழா மலரைப் படிக்கும் அன்பருள் எவரிடமேனும் இத்தகைய வண்டி இருந்து, இத்தகைய எண்ணமும் இருப்பின், பணிவுடன் சிலவற்றைக் கூற விழைகின்றோம். பீச்சும் தொகுதி வாங்குமுன் பற்றரியிலிருந்து சுருள் வரை அழுத்த வீழ்ச்சியை, சுழற்றும்போது அளந்து எழுதிவைக்க. அரை வோல்ற்றுக்கு மேல் விழுமாயின் அதனை முதலிலே தீர்க்க. மானி மாத்திரம் போதாது. 21 வாற்று மின்குமிழ் ஒன்றைக் கம்பியின் முனையில் எரியவிட்டுப் பார்க்க. அது 1.75 அம்பியர் உண்பதால் நலிந்த கம்பி நாணி மங்கும். பெட்டியின் ஊட்டத்தையும் புவித்தொடுப்பையும் பற்றரிக்கே கொண்டுசெல்க. செய்திக் கம்பியைப் பிளக்குக் கம்பியின் அருகே விடற்க. செய்த மாற்றம் யாவற்றையும் படமாக வரைந்து வண்டியிலேயே வைக்க; பின்னர் வருவோன் நம்மைக் காணான், படத்தையே காண்பான். ஆசிரியரின் வண்டிக்கு அப்படத்தை மாணவர் வரைந்தார். இங்கிலாந்தார் வகுத்த நிறங்களைப் பிறழாது தீட்டி, பழைய முடிச்சு இருந்த இடத்தையும் ஒரு புள்ளியாற் குறித்துள்ளார்.

வண்டி விற்கப்படவில்லை. வாரத்தில் இருமுறை மருத்துவமனை சென்று மீள்கின்றது. கடவையை அணுகும்போது மகள் இன்றும் ஒருகணம் நிறுத்தி இருபுறமும் பார்த்தே கடக்கின்றார்; அது யாவர்க்கும் நன்று.

ஆய்வுகூடத்திலே கம்பியும் மானியும் தந்து, “அளந்ததை எழுது; நினைத்ததை எழுதாதே” என்று நம்மைப் பழக்கிய கல்லூரிக்கு நாம் பட்ட கடன் பெரிது. இன்று பயிலும் தம்பியர் பொருளைக் கழற்றிப் பார்க்கவும் பூட்டவும் ஏற்ற ஒரு சிறு வேலைக்கூடம் இவ்விழா ஆண்டிலே கல்லூரியில் அமையுமாயின், பழைய மாணவராகிய நாம் நம் மானிகளோடும் ஈயப்பற்றுக் கோல்களோடும் முறைவைத்து வருவதற்கு ஆயத்தமாயுள்ளோம் என்பதை இம்மலர் வாயிலாக அறியத் தருகின்றோம். கல்லூரி அன்னை நீடு வாழ்க.